டிடெக்டர் கத்துகிறது, செம்பைக் காணோம்: கீவீனாவில் இயற்கைச் செம்பு தேடும்போது வரும் சிக்கல்கள்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், சுப்பீரியர் ஏரிக்குள் வளைந்து நீண்டு கிடக்கிறது கீவீனா தீபகற்பம். அங்கே மெட்டல் டிடெக்டரோடு போகிறவர்கள் பெரும்பாலும் பூங்காவிலும் கடற்கரையிலும் நாணயம் தேடிப் பழகியவர்கள். அங்கெல்லாம் ஒழுங்காக வேலை செய்த அதே மெஷின் இங்கே வந்ததும் கண்டபடி கத்தும், அல்லது நாள் முழுக்க வாயே திறக்காது. மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்து விடுவார்கள். கெடவில்லை. நாணயம் அளவெடுத்து அச்சடித்த பொருள், அதனால் திரையில் அதற்கென்று ஒரு எண் உண்டு. இயற்கைச் செம்புக்கு அளவும் இல்லை, வடிவமும் இல்லை. ஒன்று இலை மாதிரி இருக்கும், ஒன்று பாறைக்குள் நூல் நூலாக ஓடும், ஒன்று கால்பந்து அளவில் கட்டியாகக் கிடக்கும். எண்ணை நம்பாமல் சத்தத்தை நம்பப் பழகினால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் இந்தக் குறிப்பு. உங்களுக்கு என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்ப் படியுங்கள்.

நாள் முழுக்க நடந்தேன், ஒரு சிக்னலும் இல்லை

முதலில் ஒரு சில்லறைக் காசைத் தரையில் போட்டு, மேலே மெஷினின் நுனியில் உள்ள தட்டை, அதாவது காயிலை, ஓட்டிப் பாருங்கள். சத்தம் வந்தால் மெஷின் சரி, இடம்தான் தப்பு.

கீவீனாவில் செம்பு எல்லா இடத்திலும் இல்லை. ஏறத்தாழ 110 கோடி ஆண்டுகளுக்கு முன் அடுக்கடுக்காக ஓடிய எரிமலைக் குழம்பு பசால்ட்டாக இறுகியது. ஒவ்வொரு அடுக்கின் மேல்பகுதியிலும் வாயு வெளியேறிய குமிழ்த் துளைகள் இருந்தன. பிறகு பூமிக்கடியில் இருந்து வந்த வெந்நீர் செம்பைக் கரைத்துக் கொண்டுவந்து அந்தத் துளைகளிலும், பாறை வெடிப்புகளிலும், கூழாங்கல் இறுகிய அடுக்குகளிலும் படிய வைத்தது. அடுக்கின் நடுவில் இருக்கும் கெட்டியான, துளையே இல்லாத பசால்ட்டில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. வெள்ளை, இளம்பச்சை, இளஞ்சிவப்புப் புள்ளிகள் அம்மைத் தழும்பு மாதிரி நிறைந்த கல்லைப் பார்த்தால் அங்கே நில்லுங்கள். கால்சைட், எபிடோட், ப்ரெஹ்னைட், குவார்ட்ஸ் எல்லாம் செம்போடு சேர்ந்து வருகிற கூட்டாளிக் கனிமங்கள்.

அதைவிட எளிய வழி பழைய சுரங்கங்களின் கழிவுக்கல் குவியல்கள். அந்த ஊரில் புவர் ராக் என்பார்கள். 1845 முதல் 1968 வரை இந்த வட்டாரத்தில் எடுத்த செம்பு சுமார் 50 லட்சம் டன். அன்றைக்குக் கண்ணால் பார்த்துப் பிரித்ததில் தப்பிய துண்டுகள் இன்றும் குவியலில் கிடக்கின்றன. மேலாகக் கிடப்பதை எத்தனையோ பேர் தேடி எடுத்துவிட்டார்கள். ஆகவே குவியலை யாராவது சாலைக்கு ஜல்லி எடுக்க வெட்டிய புது முகம் இருந்தால் அதுதான் நல்ல இடம், மழைக்குப் பிறகு இன்னும் நல்லது.

மூன்றாவது வகை, பனிப்பாறைகள் பெயர்த்து இழுத்துப் போய்ப் போட்ட ஃப்ளோட் காப்பர். இதற்கு எல்லையே கிடையாது, விஸ்கான்சின், இல்லினாய், அயோவா வரைக்கும் கிடைத்திருக்கிறது. ஆனால் இது திட்டமிட்டுத் தேடும் வகையில்லை. உழுத வயல், சரளைக் குழி, ஓடைக்கரை என்று பொறுமையாக நடக்க வேண்டும்.

இடம் பார்க்கும்போதே அனுமதியையும் பார்த்துவிடுங்கள். தனியார் நிலமென்றால் உரிமையாளரிடம் கேட்க வேண்டும், பழைய சுரங்க நிலங்களில் மேல்நிலம் ஒருவருக்கும் கனிம உரிமை இன்னொருவருக்கும் இருப்பது அங்கே சாதாரணம். மிச்சிகன் அரசு நிலத்தில் கல் எடுக்க ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 25 பவுண்டு, அதாவது 11 கிலோ சொச்சம்தான் வரம்பு, அதிலும் டிடெக்டர் பயன்படுத்த இடத்துக்கு இடம் விதி வேறு. ஐல் ராயல் தீவு தேசியப் பூங்கா, அங்கே டிடெக்டரை வெளியே எடுப்பதே குற்றம். காசு வாங்கிக்கொண்டு தேட விடுகிற தனியார் குவியல்களும் உண்டு. முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது அதுதான், ஒரு நாளில் காது பழகிவிடும்.

கால் வைத்த இடமெல்லாம் சத்தம்

பசால்ட்டில் மேக்னடைட் என்ற இரும்புக் கனிமம் இருக்கிறது. தரையே மெஷினுக்கு உலோகம் மாதிரி தெரியும். கிரவுண்ட் பேலன்ஸ், அதாவது தரையின் சத்தத்தை மெஷின் ஒதுக்கும்படி சரிசெய்வது, அதைச் செய்யாமல் நடந்தால் இப்படித்தான் ஆகும். உலோகம் இல்லாத ஒரு இடம் பார்த்து, காயிலைத் தரைக்கு ஒரு அங்குலம் வரை இறக்கி, முழங்கால் உயரம் வரை ஏற்றி, மறுபடி இறக்கி, சத்தம் சமனாகும் வரை செய்யுங்கள். இதைக் காலையில் ஒருமுறை செய்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. குவியலின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போனாலே தரை மாறிவிடும், அரைமணிக்கு ஒருதரம் மறுபடி செய்யுங்கள்.

அப்படியும் அடங்கவில்லை என்றால் சென்சிட்டிவிட்டியைக் குறையுங்கள். பலருக்கு இதில் மனம் வராது, குறைத்தால் ஆழம் போய்விடும் என்று பயம். கத்திக்கொண்டே இருக்கிற மெஷினில் ஆழம் இருந்து என்ன பயன், நல்ல சிக்னல் வந்தாலும் காதில் விழாது. இரண்டு புள்ளி குறைத்தால் நிம்மதியாகத் தேடலாம்.

அசையாமல் பிடித்திருக்கும்போதும் சத்தம் வருகிறதா? அப்படியானால் தரை காரணமில்லை. மேலே மின்கம்பி போகிறதா, பக்கத்தில் நண்பர் இன்னொரு டிடெக்டரோடு நிற்கிறாரா, சட்டைப் பையில் போன் இருக்கிறதா, பாருங்கள். அலைவரிசை மாற்றும் வசதி இருந்தால் மாற்றுங்கள். காலணியில் இரும்பு முனை இருந்தாலும் ஒவ்வொரு வீச்சுக்கும் ஒருமுறை சத்தம் வரும்.

திரையில் எண் ஒரு நிலையில் நிற்கவே இல்லை

இதைப் பிழை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், பல நேரம் இதுதான் நல்ல செய்தி. டிடெக்டர் காட்டும் எண் உலோகத்தின் மின்கடத்தும் திறனை மட்டும் வைத்து வருவதில்லை, அளவும் தடிமனும் வடிவமும் சேர்ந்துதான் அந்த எண். சுத்தச் செம்பு மின்சாரத்தைக் கடத்துவதில் வெள்ளிக்கு அடுத்தபடி. ஆனாலும் தகடு மாதிரி மெல்லிய துண்டு சோடா டின் மூடியின் வளையம் காட்டுகிற எண்ணையே காட்டும். பாறைக்குள் நூலாகப் பரவிய செம்பு அதற்கும் கீழே போகும். உள்ளங்கை அளவுக் கட்டி வெள்ளி நாணயத்துக்கு மேலே போகும். கிளை கிளையாக வளர்ந்த துண்டு ஒரு பக்கத்திலிருந்து வீசினால் ஒரு எண், திரும்பி நின்று வீசினால் வேறு எண்.

ஆகவே வேண்டாத உலோகத்தை வடிகட்டும் டிஸ்கிரிமினேஷனை எடுத்துவிட்டு, எல்லா உலோகமும் கேட்கும் நிலையில் தேடுங்கள். நாணயத்துக்காகப் போட்ட வடிகட்டி இருந்தால் சின்னச் செம்பெல்லாம் அதிலேயே போய்விடும். ஒரே இடத்தில் இரண்டு திசையிலும் திரும்பத் திரும்பச் சத்தம் வந்தால் எண் என்னவாக இருந்தாலும் தோண்டுங்கள்.

அலைவரிசையைப் பற்றி ஒரு வார்த்தை. சின்னச் சின்னத் துண்டுக்கு உயர் அலைவரிசை, ஆழத்தில் கிடக்கும் பெரிய கட்டிக்குத் தாழ்ந்தது. கேரட் ஏடி ப்ரோ என்ற மெஷின் 15 கிலோஹெர்ட்ஸ் ஒன்றில்தான் ஓடும், அது நடுவாந்திரம், போதும். மைன்லேப் எக்வினாக்ஸ் மாதிரி பல அலைவரிசையை ஒன்றாக ஓட்டும் மெஷின் இந்தத் தரைக்கு நன்றாக ஒத்துவரும். பல்ஸ் வகை மெஷின் தரையின் இரும்பைக் கண்டுகொள்ளாது, ஆழமும் போகும். ஆனால் ஆணியையும் செம்பையும் அதனால் பிரித்துச் சொல்ல முடியாது, சுரங்கக் குவியலில் முதுகு ஒடிந்துவிடும். ஃப்ளோட் தேடுகிற திறந்த வயலுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

அருமையான உயர்ந்த சத்தம், தோண்டினால் இரும்பு

பழைய சுரங்க நிலம் முழுக்கத் துளையிடும் கம்பி, தண்டவாள ஆணி, வாளி வளையம், கம்பிக் கயிறு என்று நூறு வருஷத்து இரும்பு கிடக்கும். ஆணி மாதிரி சின்னதென்றால் எளிதில் பிடிபட்டுவிடும், தொண்ணூறு பாகை திரும்பி நின்று வீசினால் சத்தம் உடைந்து கரகரக்கும் அல்லது காணாமல் போகும். பெரிய தட்டை இரும்புதான் ஏமாற்றும், அது செம்பு மாதிரியே உயர்ந்த சத்தம் கொடுக்கும். காயிலை மெதுவாக மேலே தூக்கிப் பாருங்கள். ஓரத்தில் எங்கேயாவது தாழ்ந்த முனகல் கேட்டால் இரும்பாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனாலும் சந்தேகம் என்றால் தோண்டிவிடுவதே என் வழக்கம், ஏனென்றால் 10 கிலோ செம்பும் அதே மாதிரி கத்தும்.

இரும்புக்குப் பக்கத்தில் செம்பு இருந்தால் இரும்பு அதை மறைத்துவிடும். குப்பை அதிகமுள்ள இடத்தில் 6 அங்குலக் காயில் போடுங்கள், மெதுவாக வீசுங்கள்.

தோண்டினால் மெல்லிய செம்புக் குழாய், விரல் நீளம், சில சமயம் கம்பியோடு

தொடாதீர்கள். அது டெட்டனேட்டராக இருக்கலாம், பாறை உடைக்கப் பயன்படுத்திய வெடியின் தூண்டி. பழையவற்றின் உறை செம்பால் ஆனது, அதனால் டிடெக்டரில் அழகாகக் கேட்கும். பழசாகிவிட்டதால் ஆபத்து போய்விடாது, கூடியிருக்கும். கையில் எடுக்க வேண்டாம், பையில் போட வேண்டாம், அடையாளம் வைத்துவிட்டு விலகி வந்து போலீசுக்குச் சொல்லுங்கள். இந்த ஒரு விஷயத்தில் ஆர்வத்துக்கு இடம் கொடுக்காதீர்கள்.

அதே மூச்சில் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். காட்டுக்குள் நடக்கும்போது கிண்ணம் மாதிரிக் குழிந்த தரையைப் பார்த்தால் அதன் ஓரத்துக்குப் போகாதீர்கள், இலைக்கும் மண்ணுக்கும் கீழே அழுகிப்போன மரப்பலகை மூடிய சுரங்க வாய் இருக்கலாம். குவியலின் சரிவில் அடியிலிருந்து கல்லைப் பிடுங்கினால் மேலே இருப்பது சரிந்து வரும்.

சத்தம் இருந்தது, தோண்டினால் வெறும் கல்

பலர் இங்கேதான் செம்பைத் தூக்கி எறிகிறார்கள். பின்பாயிண்டர் என்ற கையடக்கக் குச்சி டிடெக்டரைக் குழிக்குள் விட்டுப் பாருங்கள், சத்தம் இல்லையென்றால் தோண்டிப்போட்ட மண்ணையும் கல்லையும் சோதியுங்கள். அப்புறம் டிடெக்டரைத் தரையில் சாய்த்து வைத்து, காயில் வானத்தைப் பார்த்தபடி இருக்க, மோதிரம், கைக்கடிகாரம் கழற்றிவிட்டு, ஒவ்வொரு கல்லாகக் காயிலுக்கு முன்னால் ஆட்டுங்கள். எந்தக் கல்லில் சத்தம் வருகிறதோ அதுதான்.

வெளியே பார்த்தால் சாதாரணக் கல்லாகவே இருக்கும். செம்பு உள்ளே இருக்கலாம், அல்லது கருத்தும் பழுப்பேறியும் மண் ஒட்டியும் அடையாளம் தெரியாமல் இருக்கலாம். கையில் தூக்கினால் அளவுக்கு மீறிக் கனக்கிறதா? பசால்ட்டின் அடர்த்தி 3-க்குச் சற்றுக் கீழே, செம்பின் அடர்த்தி 8.96. சுத்தியலால் தட்டினால் மற்ற கல் மாதிரி இரண்டாகப் பிளக்காமல், விரிசல் விட்டும் விட்டுக்கொடுக்காமல் தொங்கிக்கொண்டிருக்கிறதா? உள்ளே செம்பு நரம்பு இழுத்துப் பிடிக்கிறது. அதற்குமேல் அடிக்காதீர்கள், செம்பு நசுங்கிவிடும். கண்ணாடி போடாமல் பசால்ட்டைத் தட்டவே கூடாது, சில்லு கண்ணுக்கு வரும்.

எவ்வளவு செம்பு இருக்கிறது என்று உடைக்காமலே கணக்குப் போடலாம், எனக்கு இந்த வேலை ரொம்பப் பிடிக்கும். கல்லை முதலில் எடை போடுங்கள். பிறகு தராசில் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து பூஜ்யமாக்கி, கல்லை நூலில் கட்டி அடியில் தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் கிராம்தான் கல்லின் கன அளவு மில்லிலிட்டரில். 600 கிராம் கல், தொங்கவிட்டால் 120 காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 600-ஐ 120-ஆல் வகுத்தால் அடர்த்தி 5. பாறையின் அடர்த்தி 2.9 என்று எடுத்துக்கொண்டால், 5-இல் 2.9 போக 2.1, அதை 8.96-க்கும் 2.9-க்கும் உள்ள வித்தியாசமான 6.06-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.35. ஆக கன அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், எடையில் ஏறக்குறைய 370 கிராம் செம்பு. வெளியே பொட்டுகூடத் தெரியாத கல்லிலும் இப்படி வரும்.

அடர்த்தி 3-க்குப் பக்கத்திலேயே நின்றால்? அது இரும்புக் கனிமம் கூடுதலாக உள்ள ஹாட் ராக்காக இருக்கலாம். தரையில் வைத்து அதன் மேலேயே கிரவுண்ட் பேலன்ஸ் செய்து பாருங்கள். சத்தம் அடங்கிப்போனால் ஹாட் ராக், உலோகம் அப்படி எளிதில் அடங்காது. ஆனால் அடர்த்தி குறைவு, சத்தம் மட்டும் தெளிவாக இருக்கிறது என்றால் மெல்லிய செம்பு ஏடு ஒன்று ஓடிக்கொண்டிருக்கும், அந்தக் கல்லை வைத்துக்கொள்ளுங்கள்.

உலோகம்தான், ஆனால் இயற்கைச் செம்பா?

மறைவான ஒரு மூலையில் அரத்தால் ஒரே ஒரு இழுப்பு. ரோஜாச் சிவப்பாகப் பளிச்சென்று தெரிந்தால் செம்பு. மஞ்சள் என்றால் பித்தளை. வெள்ளையாகவும் கையில் இலேசாகவும் இருந்தால் யாரோ தீ மூட்டிய இடத்தில் உருகிய அலுமினியம். பொன்மஞ்சளாக இருந்து, கீறினால் கரும்பச்சைப் பொடியாக உதிர்ந்தால் சால்கோபைரைட், அது தாது, அதுவும் பெரும்பாலும் டிடெக்டரில் கேட்காது.

செம்புதான் என்று தெரிந்த பிறகும் ஒரு கேள்வி மிச்சம், உருக்கிச் சிந்திய செம்பாக இருக்கலாம். உருகிய துண்டில் மேற்பரப்பு மழமழவென்று சொட்டு மாதிரி உருண்டிருக்கும், குமிழி இருக்கும், கண்ணாடி மாதிரிக் கசடு ஒட்டியிருக்கும். இயற்கைச் செம்பில் முள் முள்ளாக முறிந்த விளிம்பு, பக்கத்தில் வளர்ந்த படிகங்கள் பதித்த பள்ளங்கள், இடுக்கில் கால்சைட்டோ குவார்ட்ஸோ இருக்கும். பனிப்பாறை உருட்டிய ஃப்ளோட் மட்டும் மழுங்கித் தடவினால் வழுவழுப்பாக இருக்கும், அதைப் பச்சைக் களிம்பும் இடுக்கில் உள்ள பாறையும் காட்டிக்கொடுக்கும்.

செம்போடு வெள்ளைப் பளபளப்பு ஒட்டியிருந்தால் வெள்ளியாக இருக்கலாம். இங்கே வெள்ளியும் செம்பும் ஒன்றாகக் கரையாமல் பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்திருக்கும், எல்லைக்கோடு தெளிவாகத் தெரியும். சாம்பலும் பித்தளை நிறமுமாக மினுங்கும் கனத்த கல் என்றால் மொஹாக்கைட்டாக இருக்கலாம், அதில் ஆர்சனிக் உண்டு. சூடாக்காதீர்கள், தண்ணீர் விடாமல் வெட்டாதீர்கள்.

துண்டுக்கு ஒரு உருவம் இருக்கிறது

இரண்டு பக்கமும் ஒத்த கூர்முனை, அடியில் மடித்த செருகுவாய், ஊசி மாதிரி நாற்கோணக் கம்பி, சுருட்டிய மணி. இப்படி ஒன்று வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். இந்த ஏரியைச் சுற்றி வாழ்ந்த மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே செம்பை வெட்டியெடுத்து, உருக்காமல், தீயில் காய்ச்சி இளக்கித் தட்டித் தட்டி ஈட்டிமுனையும் கத்தியும் செய்தார்கள். இங்குள்ள பூர்வகுடிகளான ஒஜிப்வே மக்களுக்குச் செம்பு இன்றும் புனிதம். 1843-இல் ஒண்டனாகன் ஆற்றங்கரையிலிருந்து 1,700 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான பெரிய செம்புப் பாறையை ஒஜிப்வே மக்களின் மண்ணிலிருந்து வெளியாட்கள் இழுத்துப் போனார்கள், இப்போது அது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எடுத்த பொருள் எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பது போய்விட்டால் பொருள் வெறும் உலோகம். துடைக்காமல், இருந்த இடத்திலேயே படம் எடுத்து, மாநிலத் தொல்லியலாளருக்குத் தெரியப்படுத்துங்கள். அமெரிக்க மத்திய அரசின் நிலத்திலிருந்து அதை எடுப்பது 1979 சட்டப்படி குற்றம்.

சுத்தம் செய்தேன், கெட்டுவிட்டது

நெல்லுக்கு உமி, செம்புக்குக் களிம்பு என்று சைவ சித்தாந்தத்தில் உடன்பிறந்த அழுக்குக்கு உவமை சொல்வார்கள். அந்தக் களிம்பை உடனே எடுத்தாக வேண்டும் என்று கிடையாது. ஃப்ளோட் துண்டில் உள்ள பச்சை பல்லாயிரம் ஆண்டு வேலை, தேய்த்தால் திரும்ப வராது. தண்ணீர், மென்மையான பிரஷ், அதோடு நிறுத்துங்கள்.

வெள்ளைக் கால்சைட் கரைந்துவிட்டது என்றால் அமிலத்தில் போட்டிருப்பீர்கள். வினிகர், எலுமிச்சை உப்பு, ஹைட்ரோகுளோரிக் அமிலம் எதுவானாலும் கால்சைட்டைத் தின்றுவிடும், செம்பு உள்ளே மின்னும் கால்சைட் படிகம்தான் கீவீனாவின் மிக அழகான பொருள். நம் வீட்டில் செம்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்ப்போமே, அந்தப் புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். அதே அமிலத்தின் உப்பான ரோஷெல் உப்பு 15 பங்கும் காஸ்டிக் சோடா 5 பங்கும் 100 பங்கு தண்ணீரில் கரைத்த திரவத்தில் போட்டால் கால்சைட்டைத் தொடாமல் களிம்பு போகும். காஸ்டிக் சோடா தோலையும் கண்ணையும் எரித்துவிடும், கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், தண்ணீரில் சோடாவைப் போட வேண்டும், சோடாவில் தண்ணீரை ஊற்றக் கூடாது. அலுமினியப் பாத்திரம் ஆகாது.

வெள்ளிப் பகுதி சிவந்துவிட்டது என்றால், பழைய அமிலக் கரைசலில் இரும்பு இடுக்கி பட்டிருக்கும். கரைந்த செம்பு வெள்ளியின் மேல் படிந்துவிட்டது. பிளாஸ்டிக் இடுக்கி, புதிய கரைசல்.

சுத்தம் செய்து சில வாரத்தில் வெளிர்பச்சைப் பொடி பூக்கிறதா? ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் குளோரைடு துளைகளில் தங்கிவிட்டது, ஈரம் பட்டால் மறுபடி மறுபடி பூக்கும். சமையல் சோடா கரைத்த தண்ணீரில் ஒரு நாள், பிறகு காய்ச்சி வடித்த நீரில் தினமும் தண்ணீர் மாற்றி ஒரு வாரம். நன்றாக உலர்த்தி, மெழுகு இலேசாகத் தடவுங்கள். பொடி திரும்ப வந்தால் இன்னொரு வாரம் ஊற வைக்க வேண்டியதுதான்.